ஃபைலைத் தேடு என்றொரு பட்டன்

எங்கள் அலுவலகத்தில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு' என்ற பட்டம் மூன்று வருடங்களாக என்னிடம் இருந்தது. கொடுத்தவர் முதலாளி அண்ணாச்சி. பிரிண்டருக்குள் சிக்கிய தாளை ஒருநாள் நான் கிழியாமல் உருவி எடுத்தேன். அதற்குத்தான் அந்தப் பட்டம். வேறு யாரும் போட்டிக்கு வராததால் அதைத் தக்க வைத்துக்கொண்டேன். யாருடைய கணினியாவது மெதுவாக ஓடினால் எழுந்து போய், நெற்றியைச் சுருக்கிப் பார்த்து, அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். சரியாகிவிடும். நெற்றியைச் சுருக்காமல் இருந்தாலும் சரியாகியிருக்கும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். ஏற்றுமதிக்காரர்களின் சரக்கைக் கப்பலேற்றுவதற்கான காகித வேலை எங்களுடையது. உப்போ, தென்னை நார்த்தூளோ, மருந்துக்குப் போகிற நிலாவரை இலையோ, துணியோ, எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு கப்பலிலும் எந்தெந்தக் கண்டெய்னர் ஏற வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்துத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். குறித்த மணிக்குள் பட்டியல் போகாவிட்டால் கப்பல் நமக்காக நிற்காது, கண்டெய்னர் கரையிலேயே கிடக்கும்.

அந்தப் பட்டியலைப் போடுகிறவர் அக்கா. ஐம்பதை நெருங்குகிறவர், கீழவைப்பாரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், கணவர் கடலுக்குப் போகிறவர். ஏற்றுமதிக்காரர்கள் ஆளுக்கொரு எக்செல் ஃபைல் அனுப்புவார்கள். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, வரி வரியாக எடுத்து ஒரே தாளில் சேர்ப்பார். இரண்டு மணி நேரமாகும். இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறார், ஒரு கண்டெய்னர் விட்டுப்போனதாக வரலாறே கிடையாது.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கப்பலுக்கு ஃபோல்டர் போட்டதும் முதல் வேலையாக ஒரு வெற்று எக்செல் தாளைத் திறப்பார். முதல் கட்டத்தில் ஒரு சிலுவைக்குறி, அதன் கீழே 'சேசு மரி சூசை' என்று திருக்குடும்பத்தின் மூன்று பெயர்களைத் தட்டி, 'ஒன்று' என்ற பெயரில் சேமிப்பார். காகிதத்தில் எழுதிய காலத்தில் தாளின் தலையில் எழுதியதை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்றன்றைக்கு வேலை தொடங்கும்போது முதலில் அந்த ஃபைலைத் திறந்து, நெஞ்சில் சிலுவை போட்டு, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். யாருக்கும் இது விநோதமாகத் தெரிந்ததில்லை. அண்ணாச்சியே தன்னுடைய ஒவ்வொரு தாளிலும் முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி போடுகிறவர். அந்தக் கட்டத்தில் யாராவது கைவைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

இந்த நல்ல உலகத்துக்குள்தான் நான் மேக்ரோவைக் கொண்டுவந்தேன்.

மேக்ரோ என்றால் பெரிய வித்தையில்லை. நாம் எக்செல்லில் செய்கிற வேலையை அது கூடவே இருந்து குறித்துக்கொள்ளும். அடுத்த முறை ஒரு பட்டனை அமுக்கினால் அதே வேலையை அதுவே செய்யும். யூட்யூபில் ஒரு பையன் காட்டியதைப் பார்த்துப் பழகி, அக்காவின் பட்டியல் வேலையை என் கணினியில் ஒருமுறை செய்து பதிவு பண்ணினேன். ஏற்றுமதிக்காரர்களின் தாள்களையெல்லாம் ஒரே ஃபைலில் போட்டுக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அண்ணாச்சியை அழைத்து அமுக்கிக் காட்டினேன். இரண்டு மணி நேர வேலை, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. "எம்மா!" என்றார். அன்றைக்கு முழுக்க வந்துபோன டிரைவர்களிடமெல்லாம் என்னைக் கைகாட்டிப் பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே அக்காவும் இதுலயே போடட்டும்" என்று அண்ணாச்சி சொன்னார். மேக்ரோவை அக்காவின் கணினிக்கு அனுப்பினேன். அக்கா பட்டனை அமுக்கினார். ஃபைலைக் காணவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"என்னளா இது, காணோம் காணோம்ங்குது?"

"நீங்க எதையாவது மாத்திருப்பீங்கக்கா" என்றேன். பார்க்காமலேயே சொன்னேன். கம்ப்யூட்டர் தெரிந்த பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைப்பு.

பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன். என் கணினியில் தாள்களைச் சேர்த்துப் போட்ட அந்த ஃபைல் இருந்த இடம் கொஞ்சம் வெளியே சொல்ல முடியாத இடம். டெஸ்க்டாப்பில் 'முடி உதிர்வு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். எனக்கு முடி கொட்டிக்கொண்டிருந்த வருடம் அது. சின்ன வெங்காயம், கருஞ்சீரகம் என்று கண்டதையெல்லாம் சேமித்து வைத்திருந்தேன். அதற்குள் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு 'நியூ ஃபோல்டர் மூன்று'. அதற்குள்தான் அந்த ஃபைல். மேக்ரோவுக்கு இந்த வழி மட்டும்தான் தெரியும். மாவட்டத்தின் உப்பும் நார்த்தூளும் என் முடி உதிர்வு வழியாகத்தான் வெளிநாடு போக வேண்டியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மேக்ரோவைத் திருத்தியிருப்பார்கள். எனக்குப் பதிவு பண்ணத்தான் தெரியும், திருத்தத் தெரியாது. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக அக்காவைத் திருத்தினேன். "உங்க டெஸ்க்டாப்லயும் இதே பேருல ஃபோல்டர் போடுங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு இடுப்புவரை கருகருவென்று முடி. அவர் ஒற்றை விரலால் 'முடி உதிர்வு' என்று எழுத்துக்கூட்டித் தட்டினார். அதற்குள் நியூ ஃபோல்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்றையும் வரிசையாகப் போட்டார். மூன்று மட்டும் இருந்தால் சரியாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அப்போதும் காணோம் என்றே வந்தது.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒவ்வொரு கப்பலுக்கும் அக்கா பட்டனை அமுக்குவார், பெட்டி வரும், நான் என் இருக்கையிலிருந்தே சத்தம் போடுவேன், கடைசியில் அக்கா கையாலேயே பட்டியலைப் போட்டு அனுப்புவார். "சொன்னத சொன்னபடி செஞ்சா வரும்க்கா" என்று எல்லோர் காதிலும் விழும்படி ஒருநாள் சொன்னேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த கோபத்தைத் திறமை என்று நினைத்துக்கொள்கிற வியாதியும் இருந்தது. அக்கா தாளை எடுத்து நான் எழுதிக் கொடுத்ததை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அண்ணாச்சி அக்காவின் மேஜைப் பக்கம் வந்து நின்றார். பெட்டியில் இருந்த நீளமான ஆங்கில எழுத்து வரியின் கடைசிப் பகுதியை உரக்க வாசித்தார். "முடி உதிர்வு... நியூ ஃபோல்டர் மூணு... என்னம்மா இது?" யாரோ சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அது அவருடைய ஃபோல்டர் என்றே அண்ணாச்சி நினைத்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். "ஒங்களுக்கு இது வரலம்மா. ஒண்ணாந்தேதி, அடுத்த திங்கக்கெழமலேருந்து புதுக்கோட்டை யார்டுக்குப் போயிருங்க. அங்கன கேட்டுல வண்டி நம்பர் எழுதுத வேலதான். கம்ப்யூட்டரே கெடையாது."

அவருக்கு அது சலுகை. அக்காவுக்கு வேலை போனதற்குச் சமம். கண்டெய்னர்களை நிறுத்துகிற எங்கள் யார்டு இருக்கும் புதுக்கோட்டை, ஊருக்கு மேற்கே திருநெல்வேலி சாலையில் உள்ள சின்ன ஊர். கீழவைப்பாரோ வடக்கே, கடலோரத்தில். மாலை ஆறு மணி பஸ்ஸை விட்டால் அக்கா வீடு போய்ச் சேர்வது பெரும்பாடு. யார்டிலிருந்து ஆறு மணிக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வழியே இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். பகலில் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண், அக்கா வந்ததும்தான் போவாள். அண்ணாச்சி அறைக்குப் போன பிறகு அக்கா சொன்னது இவ்வளவுதான்: "சரி, நிப்பாட்டிர வேண்டியதுதான்."

எனக்கு உறுத்தியது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மேக்ரோவின் உட்புறத்தை முதல்முறையாகத் திறந்து படித்துப் பார்த்தேன். ஃபைல் இருக்கும் வழி, மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒரே வரியாக இருந்தது. டெஸ்க்டாப்புக்கு முன்னால் என் பெயர். கணினிக்குள் நுழையும்போது நான் போடுகிற, என்னுடைய பெயர். அக்காவின் கணினியில் அந்த இடத்தில் அக்காவின் பெயர்தானே இருக்கும்? அவர் முடி உதிர்வு ஃபோல்டரை நூறு தடவை போட்டாலும் அந்த மேக்ரோ அங்கே ஓடாது. உலகத்தில் என் கணினி ஒன்றைத் தவிர வேறெதிலும் அது ஓடாது.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி அறை பத்தடி தூரம். போனேன், கதவைத் தட்டினேன். உள்ளே போனதும் வாயில் வந்தது வேறு. "அண்ணாச்சி, மேக்ரோவுல புதுசா ஒண்ணு செய்யுதேன். சனிக்கிழமை கப்பலுக்கு அக்காவ இன்னொரு தடவ போட்டுப் பாக்கச் சொல்லுங்க." அவர் தலையசைத்தார். தப்பைத் திருத்திவிட்டால் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயத்தைத் தயார் செய்துகொண்டேன்.

தேவைப்பட்டது மிகச் சின்ன விஷயம். ஃபைல் எங்கே இருக்கிறது என்று மேக்ரோ தானாக முடிவு செய்யாமல், உபயோகிக்கிறவரிடம் கேட்க வேண்டும். ஒரு பட்டனை அமுக்கினால் நமக்கெல்லாம் பழக்கமான அந்த ஜன்னல் திறக்க வேண்டும். இருக்கிற ஃபோல்டருக்குப் போய் வேண்டிய ஃபைலைத் தொட்டுக் காட்ட வேண்டும். அந்த வழியை மேக்ரோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தெரிந்தவர்களுக்குப் பத்து வரி. எனக்கு நான்கு நாள் ஆனது. ஹிந்தியில் ஒருவர் சொல்லிக் கொடுத்த வீடியோவை, ஹிந்தி தெரியாமல், அவர் விரல் போகிற இடத்தை மட்டும் பார்த்துப் படித்தேன்.

ஜன்னல் திறந்த பிறகு 'கேன்சல்' அமுக்கினால் என்ன ஆகும் என்று சோதித்தபோது 'ஃபால்ஸ்' என்ற பெயரில் ஒரு ஃபைலை அது ஊரெல்லாம் தேடியது. எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அது அந்தச் சொல்லால் சொல்கிறது, நான் அதையே ஃபைல் பெயர் என்று அனுப்பியிருக்கிறேன் என்று புரிய ஒரு முழு மாலை போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் சரியாக ஓடியது. பட்டனுக்குப் பச்சை நிறம் கொடுத்து 'ஃபைலைத் தேடு' என்று தமிழில் எழுதினேன். அக்காவுக்காகத்தான் தமிழ். அந்த ஒரு சொல்லால் கடன் தீர்ந்ததாக நினைத்தேன்.

சனிக்கிழமைக் கப்பலுக்கு மாலை நான்கு மணிவரை நேரம். மூன்று மணிக்கு அக்காவின் பின்னால் நான் நின்றேன், என் பின்னால் அண்ணாச்சி நின்றார். அக்கா பச்சைப் பட்டனை அமுக்கினார். ஜன்னல் திறந்தது. கப்பலின் ஃபோல்டருக்குத் தடங்கலில்லாமல் போனார். அங்கே 'ஒன்று', அதன் பிறகு வரிசையாக மூன்று ஏற்றுமதிக்காரர்களின் ஃபைல்கள். அக்கா நெஞ்சில் சிலுவை போட்டார், 'ஒன்று' என்ற ஃபைலைத் தொட்டார், 'ஓப்பன்' கொடுத்தார்.

நான் தடுப்பதற்குள் மேக்ரோ வேலையை முடித்துவிட்டது. துறைமுகத்துக்கான பட்டியல் திரையில் வந்து நின்றது. மேலே தலைப்புகள் எல்லாம் அழகாக இருந்தன. கண்டெய்னர் எண் இருக்க வேண்டிய முதல் கட்டத்தில் சிலுவை. அதன் கீழே சேசு மரி சூசை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"இது முடிஞ்சு அடுத்தத கேக்கும்னு நெனச்சேன்" என்றார் அக்கா. நினைத்ததில் என்ன தப்பு? இருபது வருடமாக அந்த ஃபைலுக்குப் பிறகுதான் அடுத்தது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். சிலுவையைப் பார்த்து எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாக, "சரிம்மா, விடுங்க. யார்டுதான் ஒங்களுக்குச் சரி" என்றார். அக்கா எழுந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து மாற்றுச் செருப்பு, ஊறுகாய் பாட்டில், ஜெபமாலை எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

ஊறுகாய் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றுவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, அக்கா மேல தப்பே இல்ல" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மேக்ரோவைத் திறந்து பழைய வரியைக் காட்டினேன். என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். முடி உதிர்வு யாருடையது என்பதையும் சொன்னேன். இன்றைக்கு நடந்ததும் என் குறைதான், ஒரு ஃபைல் மட்டும் எடுக்கும்படி செய்ததும், எல்லாத் தாளையும் அந்த ஒன்றில் சேர்க்கச் சொல்லாததும் நான்தான் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணேகாலு. மொதல்ல லிஸ்ட போடு. பொறவு ஒன்ன வையுதேன்."

உட்கார்ந்தேன். ஒரே நேரத்தில் பல ஃபைலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றுவது ஒரு சொல்தான், வீடியோவில் பார்த்திருந்தேன். கண்டெய்னர் எண் இல்லாத ஃபைலைத் தாண்டிப் போக இன்னும் இரண்டு வரி. "அந்த ஒண்ணாம் ஃபைல அழிச்சிட்டா இந்தக் கஷ்டமே இல்லக்கா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அக்கா ஊறுகாய் பாட்டிலோடு திரும்பினார். "அத நான் எடுக்க மாட்டேன். ஒம் மெஷினுக்கு நீ புத்தி சொல்லிக்குடு." அண்ணாச்சி அக்கா பக்கம்தான் பேசினார். "அதச் சொல்லப்பிடாதும்மா" என்றார் என்னிடம், கண்டிப்பாக.

அக்கா உட்கார்ந்தார். ஃபைலைத் தேடு. ஜன்னல். சிலுவை போட்டுக்கொண்டு 'ஒன்று', கூடவே மற்ற மூன்று. ஓப்பன். முப்பத்தேழு கண்டெய்னரும் வரிசையாக வந்து நின்றன. அக்கா நம்பவில்லை, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்த பிறகுதான் அனுப்பினார். நான்கு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. "யார்டுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டு, வாக்குத் தவறாமல் என்னைக் கால் மணி நேரம் வைதார். வாங்கிக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். தப்பை ஒத்துக்கொண்ட நல்ல பெண் என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் தொடங்கியிருந்தேன்.

ஐந்தரை மணிக்கு அக்காவோடு படியிறங்கினேன். கட்டைப் பையை நான் தூக்கிக்கொண்டேன்.

"ஒனக்கு எப்பம்ளா தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"திங்கக்கெழம."

"இன்னிக்குச் சனி."

"ஆமாக்கா."

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

அக்கா முன்னால் நடந்தார். பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்று, கட்டைப் பையை என் கையிலிருந்து வாங்கி, அடியில் கையை விட்டு ஒரு துணிக்கடைக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை. "பஸ்ல கூட வாரவளுவ எல்லாரும் சேந்து எடுத்துக் குடுத்தாளுவ. வியாழக்கெழம காலயில. வீட்டுக்குக் கொண்டுபோக மனசில்லாம இழுப்பறையிலயே வச்சிருந்தேன். நான் வேலய விட்டு நிக்கப் போறேன்னு செவ்வாக்கெழமயே சொல்லிட்டேம்லா. ஒருத்தி அழுதுட்டா. எம்மவன் வயசுல இருக்க கண்டக்டரு கூட காசு போட்டிருக்கான். இப்பம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதே பஸ்ல ஏறுவேன்? வேல போகலன்னு சொல்லி சேலயத் திருப்பிக் குடுக்கவா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரித்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன்.

"வா. நீயே வந்து சொல்லு" என்றார் அக்கா.

ஆறு மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. அக்கா முன்வாசல் வழியாக ஏறினார், நான் பின்னாலேயே ஏறினேன். பெண்கள் பகுதியில் எட்டுப் பேர் இருந்தார்கள். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு மூன்று பேர், ஆஸ்பத்திரி ஆயா ஒருவர், ஐஸ் கம்பெனிக்காரர்கள். எல்லோரும் அக்காவுக்காக முகத்தைச் சோகமாக வைத்திருந்தார்கள். கடைசி நாள் என்று ஒருத்தர் மல்லிகைப்பூ வேறு வாங்கி வைத்திருந்தார். அக்கா ஒரு சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பிள்ள என்னமோ சொல்லணுமாம்" என்றார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சியிடம் மேக்ரோ, வரி, ஃபைல் என்று சொல்ல முடிந்தது. இங்கே அந்தச் சொற்கள் எதுவும் உதவாது. "அக்காவுக்கு வேல போகல. தப்பு என்னோடது. அக்காவுக்குத் தெரியலன்னு நான்தான் எல்லாருட்டயும் சொன்னேன். என் தப்புன்னு தெரிஞ்ச பொறவும் ஆறு நாளு சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மீன்கூடைக்காரப் பெண் ஒருத்தர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "படிச்ச பிள்ளைதானே நீ?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முகம் தீயாக எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இறங்கி ஓடலாம் என்றால் விசில் ஊதி வண்டி நகர்ந்துவிட்டது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

கம்பியிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன்.

"எனக்கு ஆறு நாளா இப்பிடித்தாம்ளா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கட்டைப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நான் உட்காருவதற்காக ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.